பாலக்கோட்டு மண்டிப் படங்களைச் சென்னையில் மாட்டலாமா?

கேள்வி இதுதான். பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்து கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, தனக்காக எடுத்த படங்களில் நாற்பதை, அருவி, பாட்டி முகம், ஊர்த் தக்காளி மண்டி எல்லாம் கலந்து, எனக்கு அனுப்பி, இதெல்லாம் ஃபைன் ஆர்ட் போட்டோகிராபியில் சேருமா, சென்னையில் ஏதாவது காலரியில் வைக்க முடியுமா, செலவு எவ்வளவு ஆகும், நம்ம ஊர்க்காரனை உள்ளே விடுவார்களா என்று கேட்டிருக்கிறார். நான் சென்னையில் பல வருடம் கண்காட்சிகளுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறவன். அதனால் கலைப் பேச்சைவிட பேப்பர், பிரேம், ஆணி பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், பதிலும் அந்தப் பக்கம்தான் சாயும். சுருக்கமாகச் சொன்னால், முடியும் தம்பி. ஆனால் அந்த நாற்பதில் முப்பதை எடுத்து ஓரமாக வைத்த பிறகு.

முதலில் ஃபைன் ஆர்ட் என்கிற குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஏரியா போட்டோகிராபர் குரூப்புகளில் அது ஒரு தினுசு எடிட்டிங் என்று ஆகிவிட்டது. கருப்பு வெள்ளையாக்கு, வானத்தை இருட்டாக்கு, ஐந்து நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்துத் தண்ணீரைப் பஞ்சாக்கு, ஓரத்தில் ஒரே ஒரு மரம் வை, முடிந்தது. இதெல்லாம் கை வேலை, நல்ல கை வேலைகூட, ஆனால் காலரிக்காரர் தேடுவது இதை இல்லை. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், ஒரு விஷயத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன் என்று நீங்களே முடிவு செய்து, அந்த முடிவு ஒவ்வொரு படத்திலும் தெரிகிற மாதிரி எடுத்து, எது உள்ளே எது வெளியே என்று கழித்து, கடைசியில் என்ன பேப்பரில் என்ன சைஸில் சுவரில் நிற்க வேண்டும் என்பது வரை பொறுப்பை நீங்களே சுமப்பதுதான் அது. எதை எடுத்தீர்கள் என்பது ரெண்டாம்பட்சம். கலராக இருக்கலாம், கடைத்தெருவாக இருக்கலாம், நீங்களே வேஷம் கட்டி நின்று எடுத்ததாகவும் இருக்கலாம். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா அப்படித்தான் 2000த்தின் தொடக்க வருடங்களில் போட்டோகிராபர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைக் காட்டும் பழைய படங்களையும் சினிமா ஸ்டில்களையும் காலண்டர் ஓவியங்களையும் தானே நடித்து மறுபடி எடுத்தார்.

இந்தக் கருப்பு வெள்ளை மோகத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க போட்டோகிராபர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1905இல் நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூ 291ஆம் எண் கட்டிடத்தில் சின்ன அறைகளில் காலரி திறந்தபோது, போட்டோவும் கலைதான் என்று நிரூபிக்க அவர் கூட்டத்தில் பலர் படத்தை ஓவியம் மாதிரி மங்கலாக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரே அதை விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி கூர்மையாக எடுப்பதற்கு மாறினார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் போட்டோவுக்கென்று தனிப் பிரிவு வந்தது 1940இல். கலர் படமென்றால் விளம்பரம், குடும்ப ஆல்பம் என்கிற நினைப்பு அதற்கப்புறமும் ரொம்ப காலம் போகவில்லை. 1976இல் அதே இடத்தில் வில்லியம் எகில்ஸ்டன் அமெரிக்கத் தென்பகுதியின் சாதாரண வீடு, கார், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இதையெல்லாம் கலரில் எடுத்து மாட்டியதும் விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கண்காட்சியைச் சொல்லாமல் கலர் போட்டோவின் கதையை யாரும் எழுதுவதில்லை. ஆக, உங்கள் தக்காளியை நீங்கள் தாராளமாகச் சிவப்பாகவே விட்டுவைக்கலாம்.

அப்புறம், நீங்கள் குறிப்பிட்டிருந்த சலோன் போட்டிகள், அதாவது போட்டோகிராபி கிளப்புகளின் படப் போட்டிகள். அது வேறு உலகம். இந்திய போட்டோகிராபி கூட்டமைப்பு, சர்வதேச அளவில் ஃபியாப் என்கிற கூட்டமைப்பு, இவற்றின் அங்கீகாரத்தோடு கிளப்புகள் நடத்துகிற போட்டிகளில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகத் திரையில் சில நொடிகள் வரும், நடுவர்கள் மார்க் போடுவார்கள், இத்தனை ஏற்பு கிடைத்தால் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று பட்டம் போட்டுக்கொள்ளலாம். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். மெட்ராஸ் போட்டோகிராபி சங்கம் 1857இல் தொடங்கியது, எத்தனையோ தலைமுறைக்கு ஃபோகஸும் ஒளியும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெங்களூரில் டி.என்.ஏ. பெருமாள் இந்தப் பாதையில் வந்துதான் காட்டுயிர்ப் படத்தில் அந்த உயரத்தைத் தொட்டார். ஆனால் நொடியில் கண்ணைக் கவர வேண்டும் என்று பழகிய கை, சுவரில் பத்து நிமிடம் நின்று பார்க்க வைக்கிற படத்தை எடுக்கத் தடுமாறும். சலோனில் மெடல் வாங்கிய இருபது படத்தை ஒரே அறையில் மாட்டிப் பாருங்கள். ஒரு மீன்கொத்தி, ஒரு சாமியார், ஒரு சூரியோதயம், ஒரு கம்பளா எருமை ஓட்டம், எல்லாம் ஒரே சமயத்தில் கத்துகிற மாதிரி இருக்கும்.

சரி, உங்கள் படங்களுக்கு வருகிறேன், ஒளிக்காமல் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஒகேனக்கல் அருவி ஏழு படம் இருக்கிறது, எல்லாமே நன்றாக இருக்கிறது, எல்லாமே ஏற்கெனவே பார்த்ததுதான். பரிசல்காரர் துடுப்போடு சூரியனுக்கு எதிரே நிற்கும் படமும் அதே கணக்கு. சுருக்கம் விழுந்த பாட்டி முகம் க்ளோசப்பில் நான்கு. அந்தப் பாட்டிகள் யார், என்ன செய்கிறார்கள், எந்த ஊர் என்று படத்தில் ஒன்றுமே இல்லை, சுருக்கம் மட்டும்தான் இருக்கிறது. கிணற்றில் குதிக்கிற பையன்கள், எருது விடும் விழாவில் பாய்கிற மாடு, அதியமான்கோட்டை கோயில் தூண்கள். இவற்றையெல்லாம் இன்ஸ்டாகிராமில் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகு, கல்யாண ஆர்டரும் வரும்.

ஆனால் போல்டரின் கடைசியில் சேர்க்கலாமா வேண்டாமா என்று தயங்கிச் சேர்த்த மாதிரி ஒன்பது படம் கிடக்கிறதே, தக்காளி மண்டி, விடிவதற்கு முன்னால் எடுத்தது, அதைப் பார்த்ததும்தான் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதில் ஒன்று: மினி லாரியின் பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஒரு டியூப் லைட், கீழே நீலமும் சிவப்புமாக பிளாஸ்டிக் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன, இடது ஓரத்தில் தரம் பிரிக்கிற ஒரு அக்கா, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கை சட்டை, கையில் பாதி நசுங்கின ஒரு பழம், அதை எந்தப் பக்கம் போடுவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னால் ஒருவர் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகம் தெரியவில்லை, கால்குலேட்டர் வெளிச்சம் மட்டும் விரலில் விழுகிறது. இந்தப் படத்தில் விலை என்று ஒரு எழுத்துகூட இல்லை, ஆனால் விலை பற்றித்தான் மொத்தப் படமும். இதை பாலக்கோட்டில் இருப்பவர் எடுக்கலாம், வேறு ஊரிலிருந்து ரெண்டு நாள் வந்து தங்கிப் போகிறவருக்கு இது கிடைக்காது, அவர் கண் சிவப்புக் குவியலிலேயே நின்றுவிடும்.

அதனால் என் யோசனை, மற்றதை எல்லாம் மறந்துவிட்டு ஒரு வருடம் முழுக்க இந்த மண்டியையே எடுங்கள். விலை ஏறும்போது எடுங்கள், பறிப்புக் கூலிகூடத் தேறாது என்று சாலையோரம் கொட்டுகிற நாளில் எடுங்கள், ராயக்கோட்டை மண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மண்டி முடிந்து கழுவிவிட்ட வெறும் தரையையும் எடுங்கள். ஒரே லென்ஸ், முடிந்தால் ஒரே நேரம். டியூப் லைட்டின் பச்சை நிறத்தை லைட்ரூம் சாஃப்ட்வேரில் சரி செய்யாதீர்கள், அதுதான் அந்த இடத்தின் நிறம். எடுத்தவற்றை மானிட்டரில் வைத்துத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். பக்கத்து லேபில் 4க்கு 6 சைஸில் மலிவாகப் பிரிண்ட் போட்டு வீட்டுத் தரையில் பரப்புங்கள், ரெண்டு வாரம் அப்படியே கிடக்கட்டும், தினமும் கடந்து போகும்போது எது கண்ணை உறுத்துகிறதோ அதை எடுத்துவிடுங்கள், ஒரே விஷயத்தைச் சொல்கிற ரெண்டு படம் இருந்தால் ஒன்றைக் கழியுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பதினைந்து, இருபது மிஞ்சினால் அது ஒரு கண்காட்சி.

நம்ம ஊர்க்காரனை உள்ளே விடுவார்களா என்று கேட்டதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். நம்ம பக்கத்தை கேமரா ஒன்றும் தாமதமாகக் கண்டுபிடிக்கவில்லை. லினேயஸ் டிரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்து கேப்டன், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டவர், 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி, அன்றைய சேலம் மாவட்டம் வழியாக ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தப் பயணத்தில் வெளிவந்த தொகுப்புகளில் ஒன்று முழுக்க ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும்தான், 1858இல் வந்தது. நீங்கள் ரயிலில் போகும்போது ஜன்னலில் தெரிகிற அதே ராயக்கோட்டை மலை. மெழுகு தடவிய காகித நெகட்டிவ், பெட்டி பெட்டியாக ரசாயனம், மாட்டு வண்டி. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். செலவு கட்டுப்படியாகாது என்று அரசு கொஞ்ச காலத்திலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டது. 2014, 2015இல் அவருடைய படங்கள் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிடனிலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் தனிக் கண்காட்சியாக மாட்டப்பட்டன. அவர் படங்களில் பெரும்பாலும் ஆட்களே இருக்க மாட்டார்கள், நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுகிறவர் பதியவும் மாட்டார், அவருக்கு வேண்டியதும் கட்டிடமும் மலையும்தான். ராயக்கோட்டை மலை அவர் கணக்கில் போய்விட்டது. அடிவாரத்தில் தக்காளி தூக்குகிறவர்கள் உங்கள் கணக்கு.

இந்தக் காலத்து ஆட்களையே சொல்வதென்றால், மதுரைக்காரர் பழனிக்குமார், அம்மா மீன் வியாபாரம் செய்து வளர்த்த பிள்ளை, மலக்குழியில் இறங்குகிறவர்களின் வாழ்க்கையை வருடக்கணக்கில் எடுத்து அதைக் கண்காட்சியாகவும் வைத்தவர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கில் வீட்டில் இருந்தபோது தன் குடும்பத்தையே எடுத்தார், அந்தப் படங்கள் நாடு தாண்டிப் போயின. இவர்கள் யாரும் நகரத்துக்காரர் மாதிரி எடுத்து உள்ளே போகவில்லை. கதவு கொஞ்சம் கனமானதுதான், இங்கிலீஷில் பேசுகிற கூட்டம்தான் அங்கே அதிகம், முதல் நாள் ஒயின் கிளாஸோடு நிற்கிறவர்கள் நடுவில் உங்களுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அது அரை மணி நேரச் சங்கடம், அவ்வளவுதான்.

இப்போது சென்னையில் எங்கே என்பது. ரெண்டு வழி உண்டு, ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, ஹாலை வாடகைக்கு எடுத்து நீங்களே வைப்பது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அப்படி வைக்கலாம், முன்கூட்டியே விண்ணப்பம், படங்களின் மாதிரி, தேதிக்குக் காத்திருப்பு, எல்லாம் உண்டு. சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும், அது கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய இடம், காலரி இருக்கிறது. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவிலும் உண்டு, ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு அங்கிருக்கிற பழைய கால வீடுகளைப் பார்க்க வந்தவர்கள், அதுகூட நல்லதுதான், காலரிப் பக்கமே போகாதவர்கள் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள். வாடகைக்கு எடுத்தால் சுவர் உங்களுடையது, கூட்டம் சேர்ப்பதும் உங்கள் பாடு. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், திறப்பு நாள் மாலை தவிர மற்ற நாட்களில் நீங்களும் வாட்ச்மேனும்தான் இருப்பீர்கள்.

ரெண்டாவது வழி, தேர்வாகிப் போவது. தனியார் காலரிகள் பெரும்பாலும் ஓவியத்தை வைத்துப் பிழைக்கிறவை, போட்டோ விற்கக் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும், அறிமுகம் இல்லாமல் மெயில் அனுப்பினால் பதில் வருவது அபூர்வம். சென்னையில் உங்களுக்குச் சரியான வாசல் சென்னை போட்டோ பினாலே, போட்டோவுக்கென்றே நடக்கிற கண்காட்சித் திருவிழா. 2016இல் தொடங்கியது, 2019இல் இரண்டாவது பதிப்பு, நான் மேலே சொன்ன புஷ்பமாலாதான் அதைத் தொகுத்தார், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் முழுக்கப் படம் மாட்டியிருந்தார்கள், அந்தக் கட்டிடத்தைப் பார்க்கவே ஒரு தனிக் கூட்டம் வந்தது. மூன்றாவது 2021 டிசம்பரில், நான்காவது 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை போனது. காலரிக்குள் மட்டும் வைக்காமல் பொது இடங்களிலும் வைப்பது இவர்கள் வழக்கம். நடுநடுவே விருதுக்கும் கண்காட்சிக்கும் படங்கள் அனுப்பச் சொல்லி அழைப்பு விடுவார்கள், போர்ட்ஃபோலியோ பார்த்து நேரில் பேசுகிற நாட்களும் இருக்கும். அந்தப் பேச்சில் இருபது நிமிடம், கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கிற ஒரு க்யூரேட்டர் எதிரில் உட்கார்ந்து பிரிண்டைக் கையில் கொடுங்கள், லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஹைதராபாத்தில் 2015 முதல் இந்தியன் போட்டோ ஃபெஸ்டிவல் நடக்கிறது, அதற்கும் அனுப்பலாம்.

ஆனால் எனக்குப் புரியாத ஒன்று, நம்ம பக்கத்து ஆட்கள் ஏன் எப்போதும் சென்னையையே பார்க்கிறார்கள் என்பது. பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூர். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். அங்கே கஸ்தூர்பா சாலையில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், மேப் என்பார்கள், 2023இல் திறந்தார்கள், பெயரிலேயே போட்டோ இருக்கிற பெரிய அருங்காட்சியகம் தென்னிந்தியாவில் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அரண்மனை சாலையில் தேசிய நவீன கலைக்கூடம், குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத். பரிஷத்தின் சித்திரச் சந்தை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டிலேயே நடக்கும், கலைஞர்கள் படத்தைத் தரையில் வைத்து விற்பார்கள், நாள் முழுக்கப் பேரம்தான். விற்கப் போகாவிட்டாலும், எந்த விலையில் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்கவாவது ஒரு தடவை போய்வாருங்கள். மேப்பில் பிரிண்ட் எதிரில் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பாருங்கள், கருப்புக்குள் என்ன தெரிகிறது, ஓரம் எப்படி முடிகிறது, பிரேமுக்கும் படத்துக்கும் நடுவில் எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறார்கள் என்று. இது யூடியூபில் தெரியாது.

இனி என் தொழில். கல்யாண ஆல்பம் போடுகிற லேபுக்கு இந்த ஃபைலை அனுப்பாதீர்கள். அவர்கள் மேல் குறை இல்லை, அவர்கள் மெஷின் முகத்தை வெளுப்பாக்கவும் பட்டுப்புடவையைத் தூக்கிக் காட்டவும் பழகியது, கான்ட்ராஸ்டை ஏற்றிவிடும், உங்கள் விடியல் இருட்டு தார் பூசினது போலாகிவிடும். கண்காட்சிக்கு பிக்மென்ட் மை போடுகிற இன்க்ஜெட், ஆசிட் இல்லாத காட்டன் பேப்பர். ஹானமூலே போட்டோ ராக் 308 என்பது பெரும்பாலானோர் போய் நிற்கிற இடம், அதைவிட மலிவிலும் நல்ல பேப்பர் இருக்கிறது. மேட் பேப்பரில் கருப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் இறங்கும், மானிட்டரில் பார்த்த கருப்பு வராது, அது குறை என்று நினைத்து அடர்த்தியை ஏற்றினால் நிழலில் இருக்கிற ஆள் காணாமல் போவார். உங்கள் படங்கள் பாதி நிழலில் இருப்பவை, அதனால் பாரைட்டா பேப்பரையும் ஒரு சோதனை போட்டுப் பாருங்கள், அதில் கருப்பு ஆழமாக இறங்கும், கூடவே லேசான பளபளப்பும் வரும், அந்தப் பளபளப்பு கண்ணாடிக்குள் போனதும் தொல்லை இல்லை. பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மானிட்டர் வெளிச்சம்தான் காரணம். அதைப் பாதிக்குக் குறையுங்கள், முடிந்தால் காலிபரேட் செய்யுங்கள், அப்புறம் எடிட் செய்யுங்கள்.

சைஸ் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 பிக்சல் கொடுக்கும், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 20க்கு 13 அங்குலம் வரும், 200க்கு இறங்கினால் 30க்கு 20. காட்டன் பேப்பரில், ரெண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 தாராளம். ஆனால் உங்கள் படங்கள் இருட்டில் ஹை ஐஎஸ்ஓவில் எடுத்தவை, புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும், அந்த நாய்ஸை வழித்துத் துடைத்துப் பெரிதாக்கினால் அக்காவின் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். நாய்ஸை விட்டுவிடுங்கள், சைஸைக் குறையுங்கள். எல்லாம் 18க்கு 12, நடுவில் அந்த டியூப் லைட் படம் மட்டும் பெரிதாக. முழுசாகப் போடுவதற்கு முன் படத்தின் முக்கியமான இடத்தை மட்டும் ஒரு பட்டையாக வெட்டிச் சோதனைப் பிரிண்ட் போட்டு, கண்காட்சி நடக்கிற ஹாலின் வெளிச்சத்திலேயே வைத்துப் பாருங்கள். என் கடை வெளிச்சம் வேறு, அந்த ஹால் வேறு.

பிரேம் செலவு பிரிண்ட் செலவைத் தாண்டும், இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மெலிசான கருப்பு அல்லது மரக்கலர் பிரேம், படத்தைச் சுற்றி வருகிற வெள்ளை அட்டை, மவுண்ட் போர்டு, அதுவும் ஆசிட் இல்லாதது. சாமி படத்துக்குப் போடுகிற தங்கக் கலர் பட்டை வேண்டாம். கண்ணாடி பிரிண்டைத் தொடவே கூடாது, சென்னைக் கடற்காற்றில் ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. மவுண்ட் போடுவதே பாதி அதற்குத்தான். ஃபெவிகால், டபுள் சைடு டேப் போட்டுப் பிரிண்டை அட்டையில் ஒட்டுகிற கடைக்காரரிடம் கொடுத்தால் கூடவே நின்று வேலை வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய படங்கள் அப்படி ஒட்டி, கண்காட்சி முடிவதற்குள் நடுவில் குமிழ் குமிழாக எழும்பி நின்றன. மேல் ஓரத்தில் மட்டும் காகிதக் கீல் வைத்துத் தொங்கவிட்டால் போதும். ராத்திரி பஸ்ஸில் டிக்கியில் போட்டு எடுத்துப்போவதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள், கீறல் விழும், ஆனால் உடையாது. மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57, 58 அங்குலம், எல்லாப் படத்துக்கும் அதே உயரம். நம்ம வீடுகளில் கதவுக்கு மேல் மாட்டுகிற பழக்கத்தில் எல்லோரும் முதலில் உயரமாகத்தான் அடிப்பார்கள்.

படத்தோடு சுவரில் ஒட்டுகிற எழுத்தைத் தமிழில் எழுதுங்கள், இங்கிலீஷ் அதற்குப் பக்கத்தில் வரட்டும். ஒளியும் நிழலும் உரையாடுகின்றன, மௌனம் பேசுகிறது என்கிற வரிகளை எத்தனை கண்காட்சியில் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை, எந்தப் படத்தோடு மாட்டினாலும் பொருந்தும், அதனால்தான் ஒன்றுக்கும் உதவாது. பாலக்கோடு மண்டி எத்தனை மணிக்குத் தொடங்கும், ஒரு கிரேட்டில் எவ்வளவு பிடிக்கும், தரம் பிரிக்கிறவருக்குக் கூலி எவ்வளவு, நீங்கள் எத்தனை வருடமாக அந்த வழியே போய்வருகிறீர்கள். இவ்வளவு போதும், எட்டு வரி.

பணம். ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் 2011இல் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது, மேன் ரேயின் ஒரு பிரிண்ட் 2022இல் 1.24 கோடி டாலருக்குப் போனது, இதையெல்லாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். உங்கள் முதல் கண்காட்சியில் போட்ட காசு திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள், ரெண்டு படம் விற்றால் அது போனஸ். விற்கும்போது எடிஷன் கட்டிவிடுங்கள். இந்தப் படத்தில் இந்த சைஸில் ஐந்து பிரிண்ட்தான், உங்களுக்கென்று வைத்துக்கொள்கிற ஆர்ட்டிஸ்ட் புரூஃப் ரெண்டு, பின்பக்கம் பென்சிலில் எண்ணும் கையெழுத்தும், கூடவே ஒரு சான்றிதழ். சொன்னால் சொன்னதுதான், ஆறாவது பிரிண்டை மாமா வீட்டுக்குக்கூடப் போடக் கூடாது. காலரி மூலம் விற்றால் விலையில் பாதி வரை கமிஷனாகப் போகலாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது, உங்களைப் போலக் கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் உரிமையாளர், ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமை அவருக்கே போகும். ஆக, மணப்பெண் ஜன்னலோரம் நிற்கிற அந்த அருமையான படத்தைக் கேட்காமல் கண்காட்சியில் வைக்காதீர்கள், அவர்கள் கேள்வி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. மண்டிப் படங்கள் முழுக்க உங்களுடையவை, வெளியிட்டதிலிருந்து 60 வருடம். ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் அந்த அக்காவிடம் பிரிண்டைக் கொடுத்துக் காட்டி, சென்னையில் மாட்டப் போகிறேன், பரவாயில்லையா என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும்.

சென்னைக்கு முன்னால் ஊரிலேயே ஒரு தடவை வையுங்கள். தர்மபுரி புத்தகத் திருவிழா நாட்களில் ஓரமாக ஒரு தடுப்புச் சுவர் கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, இல்லையென்றால் மண்டியிலேயே, சாக்குக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், லேப் பிரிண்ட் போதும். எந்தப் படத்தின் முன்னால் நின்று நம்ம ஆட்கள் பேசுகிறார்கள், எதைப் பார்த்து இது அப்படி இல்லையே தம்பி என்கிறார்கள் என்று காதைத் திறந்து வைத்துக் கேட்டால், இருபதில் நான்கைந்து மாறும்.

இப்போதைக்கு அந்த ஒன்பது படத்தோடு அதே நாட்களில் எடுத்த மற்ற எல்லாவற்றையும், ஒதுக்கியதையும் சேர்த்து, 4க்கு 6 பிரிண்டாகப் போட்டு கூரியரில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அது நிழலை அமுக்கிவிடுகிறது, அந்தக் கால்குலேட்டர்காரர் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, ஆளா தூணா என்று பிடிபடவில்லை.